எலும்புக்குள் இருந்த அடி

என் மூத்தார் அந்த எடைக்கல்லை என் கணவரைக் குறிவைத்துத்தான் எறிந்தார். அவர் குனிந்துகொண்டார். பின்னால் நின்றிருந்த என் தாடையில் பட்டது.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. மாமனார் இறந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் கடையைப் பங்கு போட்டுக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தார்கள். நடுவில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரம் வந்தபோதுதான் தெருக்கதவு முழுவதும் மூத்தார் பக்கம் போகிறது என்பதை என் கணவர் கவனித்தார். எங்கள் பங்கிற்குச் சன்னல் மட்டும்தான் மிச்சம்.

"இன்னா அண்ணே இது? நான் சன்னல் வழியா ஏறிக் குதிச்சு வியாபாரம் பண்ணணுமா?"

"பேசினது பேசினதுதான். போடா உள்ள."

என் கணவர் ஈரம் காயாத சுவரைக் காலால் உதைத்தார். மேல்வரிசைச் செங்கல் சரிந்தது. மூத்தார் அவர் சட்டையைப் பிடித்தார். சித்திரை வெயில். மலைப்பாறை அடித்த அனல் கடைக்குள்ளேயே நின்றது. இருவரும் புளி மூட்டையின்மேல் விழுந்து, அங்கிருந்து உருண்டு மிளகாய் மூட்டையைச் சாய்த்தார்கள். நெடி கிளம்பி இருவருக்கும் கண் எரிந்தது. அப்போதும் கை ஓயவில்லை. என் கணவரின் தலையைப் பிடித்துத் தராசுக் கம்பத்தில் மோதினார் மூத்தார். நெற்றி கிழிந்தது. இருமிக்கொண்டே நான் ஓடி வந்தேன். விலக்கலாம் என்றுதான் வந்தேன்.

சேரும் வீசையும் போய்க் கிலோக்கல் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லாவின் ஓரத்தில் அவை வரிசையாக இருக்கும். மூத்தாரின் கை எதைத் தேடியது என்று நான் பார்க்கவில்லை. என் கணவர் குனிந்ததை மட்டும் பார்த்தேன்.

அந்தச் சத்தம் வெளியே கேட்டதா என்று தெரியாது. எனக்கு மண்டைக்குள் கேட்டது. பச்சைத் தென்னை மட்டையை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அந்தச் சத்தம். கீழே விழுந்து கிடந்தபோது நாக்கில் ஏதோ சரளைக்கல் போல உருண்டது. துப்பினேன். பல்லின் துண்டுகள்.

அண்ணன் தம்பி சண்டை அந்த நிமிஷமே நின்றுவிட்டது. மூத்தார் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஓடிவந்து முந்தானையைச் சுருட்டி என் வாயில் அழுத்தினாள்.

"கெணத்தாண்ட வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடலாம்," என்றாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அது அவள் பலமுறை சொல்லிப் பழகிய பொய். அவளுடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அதுவும் கிணற்றடியில் விழுந்ததாகத்தான் தெருவில் பேச்சு.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனப் போலீஸ்ல இழுத்துட்டுப் போயிடுவாங்க. குடும்ப மானம் போயிடும். அப்படியே சொல்லிடு," என்றார். கல் வலித்ததைவிட அது அதிகம் வலித்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. கல்தான் அதிகம் வலித்தது. ஆனால் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கிணறு கதையைக் கேட்டுக்கொண்டே உதட்டுக்குத் தையல் போட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உடைந்த பல் இருக்கிறது, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார். வீக்கம் வடிந்த பிறகும் என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை. நிலை இறங்கிய கதவு போல ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் இடைவெளி விட்டது. சோற்றை மென்றால் தாடைக்குள் ஏதோ நகர்ந்தது. சொன்னேன். பல் உடைந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

வலி தாங்காமல் போனபோது என்னை வாரச்சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒருவர் சாக்கு விரித்து, அதுவரை பிடுங்கிய பற்களையெல்லாம் அதன்மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குறடு ஒன்று, கிராம்புத் தைலம் ஒரு சீசா, துப்புவதற்கு ஒரு தகரடப்பா. என் கணவர் என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்தார். அக்கா என் கால்மேல் உட்கார்ந்தாள். அந்த ஆள் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் குறடை உள்ளே விட்டார்.

நான் அலறிய அலறலில் பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. குறடு வழுக்கி அண்ணத்தைக் கிழித்தது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. கடைசியில் 'டக்' என்று ஏதோ வந்தது.

"வேரோட வந்துட்ச்சி," என்று சாக்கில் போட்டார். வேரோடு வரவில்லை. மேலே இருந்த மண்டை மட்டும்தான் உடைந்து வந்திருந்தது. அதை எனக்குக் காட்டவும் இல்லை, பார்க்கிற நிலையில் நானும் இல்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வீங்கியபோது மறுபடியும் அவரிடமே போனோம். பக்கத்துப் பல்தான் காரணம் என்று அதையும் பிடுங்கினார். அது வேரோடுதான் வந்தது, முத்துப்போல. சொத்தை இல்லை, கறை இல்லை. நல்ல பல். கை நிறைய ரத்தத்தோடு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் சாக்கின் மறுபக்கம் வைத்தார்.

அதன்பிறகு தாடைக்கு அடியில், கழுத்து தொடங்குகிற இடத்தில் ஒரு கட்டி எழும்பியது. தொட்டால் நெருப்பு. ஒரு மதியம் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தபோது அது தானாக உடைந்து சீழ் முறத்தில் கொட்டியது. பருப்பை அப்படியே எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன். அன்று வலி குறைந்தது. கட்டியின் வாய் மூடிக்கொண்டதும் மறுபடி கட்டும், மறுபடி உடையும். ரவிக்கைக் கழுத்தெல்லாம் கறை. கடைக்கு வருகிற பெண்கள் என்னைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

என் நைனா செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிறவர். நான் விழுந்துவிட்டேன் என்ற செய்தி கேட்டு முதலிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தீபாவளிக்கு அழைக்க மறுபடி வந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த பலகாரப் பாத்திரத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"விழுந்து எவ்ளோ நாளாச்சி? இன்னும் சீழ் வருதா?"

என் கணவர் தலை குனிந்தார். நைனா யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே என்னைப் பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனம் போய், வண்டி மாறிப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். தலை முழுக்க நரை.

அவர் என் வாயைப் பார்த்தார். கழுத்துப் புண்ணைப் பார்த்தார். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மெல்ல அசைத்தார். நான் நாற்காலிக் கைப்பிடியைப் பிய்த்துவிடுகிற மாதிரி பிடித்தேன். ஊசிமுனையால் கீழுதட்டில் குத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பல்ல எடுத்துடுங்க டாக்டர். எத்தனை வேணா எடுங்க. இது வலில சாவுது," என்றார் நைனா.

"படம் எடுக்காம ஒண்ணத்தையும் தொட மாட்டேன்," என்றார் டாக்டர்.

"பல்லுக்குப் படமா? அதான் கண்ணுக்குத் தெரியுதே."

"நீங்க இன்னா தொழில்?"

"கடலை யாவாரம்."

"மேல செடியப் பாத்துட்டு அடியில எவ்ளோ காய் புடிச்சிருக்குது, எதுல பூச்சி விழுந்திருக்குதுன்னு சொல்லிடுவீங்களா?"

"அதெப்படி? புடுங்கித்தான் பாக்கணும்."

"ஏற்கெனவே ரெண்டு தடவ புடுங்கிப் பாத்துட்டாங்க. புடுங்காம பாக்கறதுக்குத்தான் இது. பல்லுல நாம பாக்கறது கொஞ்சம். வேரு எலும்புக்குள்ள நிக்குது. அந்த எலும்பு உடைஞ்சிருக்குதா, வேரு உள்ள தங்கிடுச்சா, சீழு எங்கருந்து கெளம்புது, இதெல்லாம் விரல விட்டாத் தெரியாது. அடிபட்டவங்களுக்கு, வீக்கம் வந்து வந்து போறவங்களுக்கு, இத எடுக்காம குறடத் தூக்கக் கூடாது."

பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தணித்து, "வயித்துல ஏதாவது இருக்குதாம்மா? நாள் தள்ளிப்போயிருக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். ஆனாலும் கனமான ஈய உடுப்பு ஒன்றை என் மார்பிலிருந்து மடிவரை போர்த்தினார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய பிலிம் ஒன்றை ஈறுக்கு உள்பக்கம் வைத்து, என் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அதன் ஓரம் புண்ணில் குத்தியது. கண்ணில் நீர் வழிந்தது. "அசையாத," என்று சொல்லிவிட்டு அவர் சுவருக்குப் பின்னால் போய்விட்டார். இயந்திரம் ஒரு தடவை 'ங்ங்' என்றது. அவ்வளவுதான். பிறகு கன்னத்தோடு சேர்த்துப் பெரிய பிலிம் ஒன்றை வைத்துத் தாடை முழுவதையும் எடுத்தார்.

அவர் இருட்டறைக்குள் பிலிமைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நைனா நாற்காலியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்ததும், "வந்தது வந்தேன், எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்களேன்," என்றார்.

"வலி இருக்குதா? அடிபட்டீங்களா? வீங்குதா?"

"ஒண்ணும் இல்ல."

"வாயத் தொறங்க." விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணால பாத்தாலே போதும். வெத்தலைய மட்டும் கொறைங்க. இது போட்டோ ஸ்டூடியோ இல்ல, ஆசைக்கு எடுக்கறதுக்கு. இந்தக் கதிரு தேவ இல்லாம ஒடம்புல பாயக் கூடாது."

ஈரம் சொட்டிய பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். சாம்பல் நிறத்தில் என் தாடை. அவர் பென்சிலால் காட்டினார். பல் போன குழிக்குள் முளைக்குச்சி போல வேர் ஒன்று அப்படியே நின்றது. அதை ஒட்டித் தாடையெலும்பில் மேலிருந்து கீழே ஒரு கறுத்த கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேராமல் ஏறி இறங்கி நின்றன. நடுவில் எலும்புச் சிலும்பு ஒன்று தனியாகக் கிடந்தது.

"இத்தன மாசமா உடைஞ்ச தாடையோட சோறு தின்னிருக்குது உங்க பொண்ணு," என்றார் டாக்டர். "இந்த வேரு உடைப்பு வாயிலயே நிக்குது. அதுதான் எலும்பச் சேர விடல. இந்தச் சிலும்பு செத்துப்போச்சி. அதான் சீழு. பக்கத்துல இருந்த நல்ல பல்லயும் எடுத்துட்டாங்க, பாவிங்க." கொஞ்ச நேரம் பிலிமையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்படி ஆச்சின்னு சொன்னீங்க?"

"கெணத்தாண்ட விழுந்துடுச்சி," என்றார் நைனா.

"கெணத்தாண்ட விழுந்தா பெரும்பாலும் மோவாய்தான் மொதல்ல தரையில படும். மோவாயில காயம் இல்ல. காதுப் பக்கம் மூட்டெல்லாம் நல்லாருக்குது. இது பக்கத்துலருந்து வந்து ஒரே எடத்துல எறங்கின அடி." என்னைப் பார்த்தார். "கல்லாம்மா?"

அத்தனை மாதம் வாய்க்குள் சீழோடு சேர்த்து அடக்கி வைத்திருந்தது அப்போது வந்துவிட்டது. "எடைக்கல்லு. மூத்தார் எறிஞ்சாரு. எங்க வீட்டுக்காரருக்கு எறிஞ்சது எம்மேல பட்டுச்சி," என்றேன்.

நைனா எழுந்து வாசலுக்குப் போனார். கதவு நிலையில் தன் தலையை ஒரு முறை ஓங்கி முட்டிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றி புடைத்திருந்தது.

சில நாட்கள் பென்சிலின் ஊசி போட்டுச் சீழ் அடங்கிய பிறகு டாக்டர் வேரை எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டும் முழுவதும் மரக்கவில்லை. உளியால் எலும்பைத் தட்டிய ஒவ்வொரு தட்டும் கண்ணுக்குள் வெடித்தது. ஆனால் சந்தையில் போலத் தேடித் தடவவில்லை. படத்தைத் தலைக்கு மேலே மாட்டி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நேராக அந்த இடத்துக்கே போனார். வேர், பிறகு செத்த எலும்பு. இரண்டையும் தட்டில் போட்டார். பிறகு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். எலும்பு கூடும்வரை வாய் திறக்கக் கூடாது. கஞ்சியைப் பல்லிடுக்கில் உறிஞ்ச வேண்டும். வாந்தி வந்தால் மூச்சடைத்துச் செத்துப்போவேன் என்று கம்பி வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்றை நைனாவிடம் கொடுத்தார். நைனா அதைச் சட்டைப்பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார்.

என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் போய்விடலாம் என்று செஞ்சிக்கு வந்தோம். பஸ் நிலையத்தில் இறங்கியதும் நைனா எனக்காக நிற்கவில்லை. நேராகக் கடைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாய் கட்டியிருந்ததால் மூக்கால் மட்டும் மூச்சு. அது போதவில்லை.

மூத்தார் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நைனா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டார். செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தார். எண்ணெய் வாங்க வந்தவர்கள் சிதறினார்கள். மூத்தார் உடல்பலம் உள்ளவர். எழுந்து நைனாவின் வயிற்றில் ஒரே குத்து. நைனா மடிந்து விழுந்தார். விழுந்தவரின் விலாவில் உதைத்தார். "மாமா" என்று கூவிக்கொண்டு உள்ளேயிருந்து என் கணவர் வந்தார்.

அவர் அண்ணனைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தள்ளவில்லை. கீழே சாய்த்து, மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலையும் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினார். பல வருஷத்துக் கோபம் அந்த விரல்களில் இருந்தது. மூத்தாரின் முகம் கறுத்தது. கண் பிதுங்கியது. குதிகால் மண்ணை உதைத்து உதைத்து ஓய்ந்துகொண்டு வந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கைகூட நீளவில்லை. அக்கா வாசற்படியில் நின்றாள். அவளும் அசையவில்லை. அவள் முகத்தில் பயம் இல்லை.

கத்த முடியவில்லை. அடித்தொண்டையிலிருந்து மாடு போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி என் கணவரின் தோளில் ஓங்கி அடித்தேன். அசையவில்லை. மறுபடி அடித்தேன். பித்தளை நசுங்கியது. அவர் பிடியை விட்டுப் பக்கத்தில் சரிந்தார். மூத்தார் புரண்டு படுத்து, ரத்தம் கலந்த கோழையைக் கக்கினார்.

கடைத்தெருப் பெரியவர் ஒருவர் அப்போதுதான் முன்னே வந்தார். "இன்னாய்யா இது, கெணத்தாண்ட விழுந்ததுக்கு இத்தன ரகளையா?" என்றார்.

நான் கட்டிய பல்லோடு பேசினேன். உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு சொல்லையும் பல்லிடுக்கில் தள்ளினேன். "நான் விழல. இவரு எடைக்கல்லால அடிச்சாரு. எந்தாடைய ஒடச்சாரு. இவங்க எல்லாம் சேந்து மறச்சாங்க." சொல்லும்போது கம்பி ஈறை அறுத்து மோவாயில் ரத்தம் வழிந்தது. என் கணவர் மண்ணில் உட்கார்ந்தபடியே, "ஆமா, மறச்சோம்," என்றார்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. கடைத்தெருக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கடை மூத்தாருக்கு, வேறொரு மனையும் சரக்கில் பாதியும் எங்களுக்கு என்று முடிந்தது. அதை விற்றுவிட்டு அனந்தபுரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்தோம். என் கணவர் அங்கே வருவதற்கு முன்னால் நான் ஒன்று மட்டும் கேட்டேன். "இனிமே யாரு மானத்துக்காகவும் எம்வாயால பொய் சொல்லச் சொல்லுவீங்களா?" அவர் இல்லை என்றார். அதன்படியே இருந்தார். நல்லவர்தான். பயந்தவர். இரண்டும் ஒரே ஆளில் இருந்தது.

கம்பியை அவிழ்க்கும் முன்னால் டாக்டர் இன்னொரு படம் எடுத்தார். எலும்பு கூடியிருந்தால் அவிழ்ப்பேன், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் என்றார். கறுத்த கோட்டின் குறுக்கே மங்கலாக வெள்ளை படர்ந்திருந்தது. அவிழ்த்தார். வாய் ஒரு விரற்கடைதான் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு வாழைப்பழத் துண்டை நைனா திணித்தார். மெல்லத் தெரியாமல் அப்படியே விழுங்கினேன்.

அடுத்த வருஷம் அக்கா ஒரு நாள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கன்னம் பூசணிக்காய் போல வீங்கி, வாய் திறக்கவே வரவில்லை. சந்தைக்காரரிடம் போகச் சொன்னாராம் மூத்தார். போகமாட்டேன் என்றதற்கு, வீங்கின கன்னத்திலேயே அறைந்திருந்தார். "ஒன் வாய் படமெடுத்த எடத்துக்கு என்னயும் இட்டும்போடி," என்றாள். ஐந்து மாத வயிறு.

டாக்டர் வயிற்றைப் பார்த்ததும் யோசித்தார். மாசமாக இருக்கிறவளுக்குத் தள்ளிப்போட முடிகிற படத்தைத் தள்ளிப்போடுவேன், இதைத் தள்ளினால் சீழ் தொண்டைக்கு இறங்கி இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று சொல்லி, ஈய உடுப்பை நன்றாகச் சுற்றிப் போர்த்தி, ஒரே ஒரு படம் எடுத்தார். கடைவாயில் முளைக்காத பல் ஒன்று படுக்கைவாட்டில் கிடந்து அடுத்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. அன்று சீழை மட்டும் கீறி எடுத்தார். அக்கா கத்தவில்லை. என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்து என் கைக்குள் இறங்கியது.

திரும்புகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பிரசவத்துக்கு அவள் தாய்வீட்டுக்குப் போனவள்தான். மூத்தார் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

என் கீழுதட்டின் இடதுபாதி இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது. எலும்போடு சேர்ந்து நரம்பும் அறுந்திருக்கும், அது படத்தில் தெரியாது என்று டாக்டர் சொன்னார். காபி குடித்தால் அந்தப் பக்கம் ஒழுகும். எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினால்தான் துடைத்துக்கொள்வேன்.